வீடும் வாசலும்: ஓட்டின்மேல் பாசி

மழை வேண்டுமென்று வருணனைத் துதிக்காத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. சிவகங்கைச் சீமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அங்கே மழையும் சம்பந்தி வீட்டாரும் ஒன்று. வருவார்களோ மாட்டார்களோ என்று வாசலைப் பார்த்து ஏங்க வைப்பார்கள். வந்து நாலு நாள் தங்கிவிட்டாலோ, எப்பொழுது புறப்படுவார்கள் என்று பஞ்சாங்கத்தைப் புரட்ட வைப்பார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து போகும் இந்த விருந்தாளி, போகும்போது கூரையின்மேல் ஓர் அடையாளத்தையும் வைத்துவிட்டுப் போகிறார். அதுதான் பாசி.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி நமக்கு எழுதியிருக்கிறார்: "எங்கள் வளவு வீட்டில் வடக்குச் சரிவு ஓடு முழுவதும் பாசி படர்ந்து கிடக்கிறது. பக்கத்திலே பெரிய வேப்பமரம். வெயில் எட்டிப் பார்ப்பதில்லை. சென்னையில் இருக்கும் கொழுந்தனார் மகன், 'ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுங்கள், பெரியாத்தா' என்கிறான். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர், 'பாசி இருந்தால் வீட்டுக்குக் குளிர்ச்சி, கிடக்கட்டும்' என்கிறார். கொத்தனாரோ, 'ஓடுகளையெல்லாம் இறக்கிவிட்டுத் தகரம் போட்டுவிடலாம், ஆச்சி' என்கிறார். மழை வந்தால் பட்டாலையில் இரண்டு இடத்தில் அண்டா வைக்கிறேன். வீட்டில் 11 பங்கு. குடியிருப்பது நான் ஒருத்தி. யார் சொல்வதைக் கேட்பது?"

இந்தக் கடிதம் பாசியைப் பற்றியது போலத் தோன்றுகிறது. ஆனால் அதன் உயிர்நிலை கடைசிச் சில வாக்கியங்களில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பின்னால் வருவோம். முதலில் பாசியின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

பாசி என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பது உண்மையில் மூன்று குடும்பங்கள். கைப்பிடிச் சுவரிலும் கூரையிலும் முதலில் பச்சையாகத் தோன்றிப் பிறகு கறுத்துப் போகிறதே, அது முதலாவது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்த படலம் அது. வெயிலின் கடுமையிலிருந்து தப்புவதற்காக அவற்றில் சில, கருமையான ஒரு நிறப்பொருளைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. நாம் குடை பிடிப்பதைப் போலத்தான். பங்குனி வெயிலில் இவை செத்துவிட்டன என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவற்றில் பல உறங்குகின்றன. முதல் மழை பட்டதும் எழுந்துவிடுகின்றன.

இரண்டாவது, வெல்வெட்டுத் துணி போல மெத்தென்று வளருவது. இது செடி இனத்தைச் சேர்ந்தது. ஆனால் மெய்யான வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் ஓட்டைப் பற்றிக்கொண்டு, உடம்பு முழுவதாலும் தண்ணீரைக் குடிக்கிறது. இதன் ஆண் அணு பெண் அணுவைச் சென்றடைவதற்கு நீரிலே நீந்தியாக வேண்டும். ஆகவே ஈரம் தங்காத இடத்தில் இதன் வம்சம் செழிப்பதில்லை.

மூன்றாவது, வெள்ளையும் சாம்பலுமாக வட்டம் வட்டமாக ஒட்டிக் கிடப்பது. ஒரு காளானும் ஒரு நுண்பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்துகிற விந்தை அது. 1867-இல் ஸ்விட்ஸர்லாந்து தேசத்துச் சாஸ்திரியான ஸைமன் ஷ்வெண்டனர் இந்த இரகசியத்தை வெளியிட்டபோது, அக்காலத்து நிபுணர்கள் பலர் நம்ப மறுத்துவிட்டார்கள். செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கிறதே கல்பாசி, அது இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்! அதற்காக யாரும் கூரையிலிருப்பதைச் சுரண்டி அடுப்பங்கரைக்குக் கொண்டு போக வேண்டாம். அந்தக் குடும்பத்திலே ஆயிரக்கணக்கான ஜாதிகள் உண்டு. சமையலுக்கு ஆவது வேறு. ஓட்டில் இருப்பது வேறு.

மூவருக்கும் பொதுவான தேவை இரண்டு: ஈரம் ஒன்று, அந்த ஈரத்தைச் சீக்கிரம் காயவிடாத நிழல் ஒன்று. ஆச்சியின் வீட்டில் வடக்குச் சரிவிலே மட்டும் பாசி பிடித்தது ஏன் என்பதற்கு விடை ஆகாயத்தில் இருக்கிறது. தேவகோட்டை, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 10 டிகிரியில் அமைந்த ஊர். சித்திரை பிறந்த சில நாட்களிலும், மறுபடி ஆவணி பத்துத் தேதி வாக்கிலும், உச்சிவேளையில் சூரியன் அங்கே நேர் தலைக்குமேல் வருகிறான். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நிற்கிறான். வடக்குச் சரிவு நன்றாய்க் காய்கிறது. புரட்டாசி முதல் தெற்கே சாயத் தொடங்கி, மார்கழி முதல் வாரத்தில் உச்சிவேளையிலே கூட நேர் உச்சியிலிருந்து 33 டிகிரி தெற்கே விலகிவிடுகிறான். வடகிழக்குப் பருவமழை பெய்வதோ சரியாக அதே மாதங்களில். மழை முழுவதும் கிடைக்கும்போது வெயில் பாதியாகிறது. போதாக்குறைக்கு வேப்பமரம் வேறு. பாசிக்கு இதைவிடச் சிறந்த ஜமீன் எங்கே கிடைக்கும்?

பாசியால் கெடுதல் உண்டா என்று கேட்டால், நேராக உண்டாகும் கெடுதல் சொற்பம் என்றே சொல்ல வேண்டும். நன்றாகச் சுட்ட ஓட்டை அது ஒரு வருஷத்தில் தின்றுவிடாது. அது செய்கிற காரியம் வேறு. பஞ்சைப் போல் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. ஓட்டுக்கு ஓடு ஏறி உட்காரும் இடுக்கில் வளர்ந்து, மேல் ஓட்டை இம்மியளவு தூக்கிவிடுகிறது. வேப்பிலையும் தூசியும் அதன்மேல் தங்கி, இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயை அடைத்துவிடுகின்றன. வழி அடைபட்ட தண்ணீர் வேறு வழி தேடுகிறது, கைமரத்தை நனைக்கிறது, நனைந்த மரத்தைக் கறையான் மோப்பம் பிடிக்கிறது. இதற்கிடையில் காக்கை ஒன்று அரசம்பழம் தின்றுவிட்டு வந்து அந்தப் பாசிமேல் எச்சமிடுகிறது. பாசி அளவாக வளரும், அரசங்கன்று அப்படியல்ல. அதன் வேர் முகட்டுக் காரையைப் பிளந்து, சுவருக்குள் இறங்கிவிடும். ஆகையால் பாசியை விரோதி என்று கருதுவதைவிட, செய்தி கொண்டுவரும் தபால்காரன் என்று கருதுவதே சரி. 'இங்கே தண்ணீர் தங்குகிறது' என்பது அவன் கொண்டுவரும் செய்தி.

இனி ஆச்சிக்குக் கிடைத்த மூன்று யோசனைகளையும் பரிசீலிப்போம்.

ஆசிட் ஊற்றச் சொன்ன பிள்ளையின் ஆர்வத்தை மெச்சுகிறோம். யோசனையை மெச்ச இயலவில்லை. ஆசிட் பட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். முகட்டையும் ஓரங்களையும் பிடித்து வைத்திருப்பது அந்தச் சுண்ணாம்புக் காரைதான். ஆணிகள் துருவேறும். வழிந்து வருவது முற்றத்தில் விழுந்து கிணற்றுக்குப் போகும். முன்பே யாராவது பிளீச்சிங் பவுடர் தெளித்திருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. இரண்டும் கலந்தால் குளோரின் என்னும் விஷவாயு கிளம்பும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தையும் ஓட்டுக் கூரைக்குக் கொண்டுவர வேண்டாம். அது பாசியை எடுக்கும். கூடவே ஓட்டின் மேல்தோலையும் எடுக்கும். தண்ணீரை ஓடுகளின் அடியில் செலுத்தி மழை செய்யாத வேலையையும் செய்துவிடும்.

குளிர்ச்சிக்காகக் கிடக்கட்டும் என்ற பெரியவருக்கு நமது நமஸ்காரம். ஆனால் வீட்டுக்குக் குளிர்ச்சி வேண்டியது சித்திரை, வைகாசியில். அப்போது பாசி காய்ந்து சருகாகக் கிடக்கிறது. செட்டிநாட்டு வீடு குளிர்வது அடுக்கடுக்காக வேய்ந்த நாட்டு ஓட்டாலும், அவற்றினிடையே தங்கும் காற்றாலும், உயர்ந்த விதானத்தாலும், முற்றத்தின் வழியே மேலே எழுந்து போகும் வெப்பத்தாலும், கனத்த சுண்ணாம்புச் சுவராலுமே ஆகும். அதில் பாசியின் பங்கு மிகவும் அற்பம்.

தகரம் போடச் சொன்ன கொத்தனாரை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். ஓடு வேயத் தெரிந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள். தகரம் இரண்டு நாளில் முடிகிற வேலை. ஆனால் தகரத்தின்கீழ் வைகாசி மாதத்துப் பகலைக் கழித்தவர்கள் இந்த யோசனையை இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். கழற்றிய நாட்டு ஓட்டைத் திரும்ப வாங்குவதும் சுலபமல்ல. 1865-இல் பாஸல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அச்சில் வார்த்த சீமை ஓடு நாடெங்கும் பரவிற்று. கையால் வளைத்த நாட்டு ஓடு சிறுகச் சிறுகப் பின்வாங்கிற்று. நம் ஊர் மண்ணில், நம் ஊர்க் கைகளால் ஆனது இன்னும் கூரையின்மேல் இருக்கிறதென்றால், அதை இறக்குவதற்கு முன் ஒரு முறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? மருந்தைத் தேடுவதற்கு முன் வெயிலைத் தேட வேண்டும். வேப்பமரத்தை வெட்டச் சொல்லவில்லை. அதன் நிழல் வீட்டுக்கு வேண்டியதே. கூரைக்கு மேலே நீண்டிருக்கும் கிளைகளை மட்டும் ஆடி, ஆவணியில் கழித்துவிட வேண்டும். காற்று ஓடினால் ஈரம் காயும். இலை விழுவதும் குறையும். இந்த ஒரு காரியமே பாதிப் பாசியைப் போக்கிவிடும் என்பது நமது அபிப்பிராயம்.

பாசியை எடுப்பதற்குச் சரியான காலம் பங்குனி, சித்திரை. அப்போது அது காய்ந்து பொருக்காக நிற்கும். மரச் சீவலாலோ தேங்காய் நார்ப் புருசாலோ மெதுவாகத் தள்ளினால் பெயர்ந்து வரும். முகட்டிலிருந்து இறவாணத்தை நோக்கித்தான் தேய்க்க வேண்டும். கீழிருந்து மேலே தேய்த்தால் குப்பை முழுவதும் ஓடுகளின் அடியில் புகுந்துவிடும். கம்பிப் புருசு கூடவே கூடாது. அது கீறிய கோடுகளில்தான் அடுத்த வருஷத்துப் பாசி குடியேறும். அரசங்கன்று இருந்தால் தலையைக் கிள்ளிவிட்டு வந்துவிடாமல், வேரோடு எடுத்து, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் மூட வேண்டும். சிமெண்டு வேண்டாம், பழைய காரையோடு அது ஒத்துப் போகாமல் வெடிப்பு விட்டு, அந்த வெடிப்பிலேயே தண்ணீரைத் தங்க வைக்கும். உடைந்த ஓட்டையும் நகர்ந்த ஓட்டையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். பிறகு புரட்டாசியில் ஒரு முறை கூடல்வாய்களைக் கூட்டித் தள்ளினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. ஈரமான பாசி ஓட்டில் ஒருவரையும் ஏற்றக் கூடாது. காய்ந்த காலத்திலும், சரிவின்மேல் ஏணியைப் படுக்க வைத்து, முகட்டில் கட்டி, அதன்மேல்தான் நடக்க வேண்டும். ஏறுகிறவர் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். கூலிக்கு வந்தவர்தானே என்ற அலட்சியம் எந்த வீட்டுக்கும் க்ஷேமம் தராது.

சுவருக்கும் கைப்பிடிக்கும் மெத்தைத் தளத்துக்கும் நம் முன்னோர் கண்ட மருந்து சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்பு நீரின் காரம் மிகக் கடுமையானது. ரஸாயன சாஸ்திரிகளின் அளவுகோலில் 12-க்கு மேல் நிற்பது. அதில் பாசி பிழைக்காது. ஆனால் நாள் ஆக ஆகச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது, காரமும் போய்விடுகிறது. பாசி திரும்ப வருகிறது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கும் வழக்கத்தில் அழகு மட்டுமின்றி இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

செம்பும் பாசிக்குப் பகை. இடிதாங்கியின் செம்புக் கம்பிக்குக் கீழே பாசியில்லாத கோடு ஒன்று ஓடுவதைக் கவனித்திருப்பவர்கள் உண்டு. 1885-இல் பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி மில்லார்டே, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து திராட்சைக் கொடியின் நோய்க்கு மருந்தாக வெளியிட்டார். போர்டோ கலவை என்று இன்றும் தோட்டக்காரர்கள் அதைத் தெளிக்கிறார்கள். மேல்நாடுகளில் கூரை முகட்டில் செம்புப் பட்டையோ துத்தநாகப் பட்டையோ பதிக்கிறார்கள். மழைநீர் அதைத் தொட்டுக்கொண்டு இறங்கும்போது பாசி அண்டுவதில்லை. ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்கு இதை நாம் சிபாரிசு செய்யோம். அங்கே நாலு சரிவுத் தண்ணீரும் முற்றத்துக்கு வருவதற்காகவே வீடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் அண்டாவுக்கும் கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-இல். செட்டிநாட்டு முற்றங்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த வேலையைச் செய்து வருகின்றன. செம்பின் சாரம் மீனுக்கு விஷம். மனிதருக்கும் அளவு மீறினால் ஆகாது. கூரைமேல் எதை ஊற்றினாலும் அதைக் குடிக்கப் போவது நாம்தான் என்ற நினைவு இருந்தால், கடையிலிருந்து வாங்கி வரும் பல புட்டிகள் கூரைக்கு ஏறமாட்டா.

இவ்வளவும் ஓர் ஏணி, ஒரு புருசு, இரண்டு ஆள், நாலு நாள் கூலி. பெரிய செலவு அல்ல. பின் ஏன் நடப்பதில்லை? இப்போது கடிதத்தின் கடைசிச் சில வாக்கியங்களுக்கு வருகிறோம். 'வீட்டில் 11 பங்கு. குடியிருப்பது நான் ஒருத்தி.'

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறு வருஷ காலம், பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் தேடிய பொருளைக் கொண்டு இந்த வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு கடல் தாண்டி வந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கே இருந்த சொத்து பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று. வீடு நின்றது, வருமானம் நின்றுவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். தகப்பனாருக்கு ஒன்றாயிருந்த வீடு பேரப்பிள்ளைகளுக்குப் பத்தாகவும் இருபதாகவும் பங்காயிற்று. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள், உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. அதே செட்டிநாட்டில், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் விலைக்கு நிற்கின்றன. அந்தத் தூண் கடைக்கு வந்த பாதையைப் பின்னோக்கி நடந்து பார்த்தால், பல சமயங்களில் அது ஒரு கூடல்வாயில் போய் முடியும். இலையை யாரும் தள்ளவில்லை, ஓட்டை யாரும் மாற்றவில்லை, கைமரம் இற்றது, 'இனிச் செப்பனிட்டுப் பயனில்லை' என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையசைத்தார்கள்.

எல்லோருக்கும் சொந்தமான கூரைக்கு ஏணி போட ஒருவரும் இல்லை என்பதே நோய். பாசி அதன் அறிகுறி. 1942 ஆகஸ்டில் அந்நிய சாம்ராஜ்யத்தை எதிர்த்துத் திரண்டெழுந்த ஊர் தேவகோட்டை. அதற்கு ஒன்று சேர்ந்த ஜனங்களின் சந்ததியார், ஒரு கூரையைக் கூட்டித் தள்ளுவதற்கு ஒன்று சேரக் கூடாதா?

வழியும் அந்தச் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறது. நகரத்தார் ஊர்களில், மணமான குடும்பம் ஒன்றை ஒரு புள்ளி என்று கணக்கிட்டு, கோயில் காரியங்களுக்குப் புள்ளி வரி செலுத்துவது நெடுநாளைய வழக்கம். உள்ளூரில் இருக்கிறாரா, கடல் கடந்து இருக்கிறாரா என்ற பேச்சே கிடையாது. புள்ளி இருந்தால் வரி உண்டு. வீட்டுக் கூரைக்கும் ஏன் ஒரு புள்ளி வரி இருக்கக் கூடாது? கல்யாணச் செய்தி போகிற அதே கைபேசிக் குழுவில் இதற்கும் ஒரு செய்தி போகட்டும். பங்குக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரு சிறு தொகை, வாங்குகிறவர் ஒருவர், செலவு செய்கிறவர் ஒருவர், தை மாதம் கணக்கு எல்லோர் கைக்கும் போய்ச் சேர வேண்டும். ஐந்தொகை எழுதிப் பல தேசங்களில் பெயர் வாங்கிய குடும்பங்களுக்குக் கணக்கு எழுத நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பங்கு வழக்கு இருந்தால் அது தன் வழியில் நடக்கட்டும். தீர்ப்பு வரும் வரையில் மழை காத்திருப்பதில்லை.

ஆகவே ஆச்சிக்கு நமது பதில் இதுதான்: ஆசிட் வேண்டாம், தகரமும் வேண்டாம், கிடக்கட்டும் என்று விடவும் வேண்டாம். இந்த ஆவணியில் வேப்பங்கிளையைக் கழியுங்கள். புரட்டாசியில் கூடல்வாயைத் தள்ளி, அண்டா வைக்கிற இரண்டு இடத்துக்கும் நேர் மேலேயும், அதற்குச் சற்று உயரத்திலும் நகர்ந்த ஓடு எது என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஒழுகும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. பாசியைப் பங்குனி வரையில் விட்டு வையுங்கள், ஓடிப் போகாது. கூலிக் கணக்கை நீங்கள் எழுதுங்கள். மற்றப் பத்துப் பங்குக்காரரும் ஐப்பசி பிறக்குமுன் தத்தம் பங்கை அனுப்பி வைப்பார்களாக.